எந்த மாத்திரை என்று கேட்டீர்களா?

ஆரணி நெசவாளர்களுக்கு மூச்சு வாங்குவது பிரஷர் மாத்திரையால்தான், நிறுத்தினால் சரியாகிவிடும் என்பது ஆபத்தான வாதம். எந்த மாத்திரை? அட்டெனலால் ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழலை இறுக்கலாம். உழைக்கும்போது களைப்பும் தரலாம். எனலாப்ரில் சிலருக்கு வறட்டு இருமல் தரும். நீர் பிரியச் செய்யும் மாத்திரை பொட்டாசியத்தை மிகவும் குறைத்துவிட்டால் உதரவிதானம் உட்படத் தசைகள் தளரும். ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும். பரவலாகத் தரப்படும் அம்லோடிபினோ மூச்சுக்குழலை இறுக்குவதில்லை. ஆனால் அந்த மாத்திரையால் கணுக்கால் வீங்கலாம். குழித்தறியில் நாள் முழுக்கக் காலைத் தொங்கவிடுபவருக்கு அது தொல்லைதான்.

கட்டுப்படாத ரத்த அழுத்தத்தால் இதயம் தளர்ந்தாலும் மூச்சு வாங்கும். அந்த இதயத்துக்கான மாத்திரையையா நிறுத்தச் சொல்கிறீர்கள்? 2021 முதல் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்ட ஊழியர்கள் வீடு தேடி வருகிறார்கள். மூச்சுத்திணறலை அவர்களிடம் சொல்லி, மருத்துவரிடம் மருந்தை மாற்றித் தரக் கேளுங்கள். அட்டெனலாலைத் திடீரென நிறுத்தினால் மாரடைப்புவரை போகலாம்.