கேட்காத கேள்விக்குப் பதிவேட்டில் பதில் இல்லை

மனநோயாளியிடம் இனிக் கேள்வித்தாளை நீட்ட வேண்டியதில்லை, மருத்துவர் கணினியில் எழுதிவைத்த குறிப்புகளை மென்பொருளே படித்து நோயின் தீவிரத்துக்கு மதிப்பெண் போட்டுவிடும் என்ற பேச்சு வலுத்துவருகிறது. இதை நான் ஏற்கவில்லை.

இதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது 2016இல் அமெரிக்காவில் நடந்த ஒரு போட்டி. மனநோயாளிகளை முதன்முறை சந்தித்தபோது எழுதிய, அடையாளங்கள் நீக்கப்பட்ட சுமார் 1,000 குறிப்புகளை ஆய்வுக் குழுக்களிடம் கொடுத்தார்கள். அறிகுறி இல்லை, லேசானது, நடுத்தரம், கடுமை என்ற நான்கு படிகளில் ஒன்றை மென்பொருள் சொல்ல வேண்டும். முதலிடம் பெற்றது, முழு மதிப்பெண் 1 என்ற கணக்கில், சுமார் 0.86 எடுத்தது. இது நூற்றுக்கு 86 பேரைச் சரியாகக் கணித்ததாகாது. விடை எத்தனை படி தள்ளிப்போனது என்று பார்த்துப் போட்ட மதிப்பெண். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. சரியான விடையைத் தீர்மானித்த வல்லுநர்களும் அதே குறிப்புகளைப் படித்துத்தான் தீர்மானித்தார்கள். ஆகவே, ஒரு தாளைப் படித்த மனிதரோடு மென்பொருள் எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதே அங்கே தெரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவரின் வேதனையை யாரும் அளக்கவில்லை.

‘தேவையான எல்லாம் பதிவேட்டிலேயே இருக்கிறது’ என்பது அடுத்த வாதம். மாக்ஸ் ஹாமில்டன் 1960இல் வெளியிட்ட மனச்சோர்வு அளவுகோலில் தூக்கத்துக்கு மட்டும் மூன்று தனி இனங்கள் உண்டு: படுத்தால் தூக்கம் வராதது, நடுவில் விழிப்பது, விடியுமுன் எழுந்து பிறகு தூங்க முடியாதது. குறிப்பில் ‘தூக்கம் சரியில்லை’ என்று ஒரு வரிதான் இருக்கும். மூன்றில் எது, எவ்வளவு? எந்த மென்பொருளாலும் அதை அந்த வரியிலிருந்து பிழிந்தெடுக்க முடியாது. குற்றவுணர்வைப் பற்றிக் குறிப்பில் ஒன்றுமே இல்லை என்றால், அது நோயாளிக்கு இல்லை என்று பொருளா, மருத்துவர் கேட்கவில்லை என்று பொருளா?

பதிவேடு நோயைவிட மருத்துவமனையின் நடமாட்டத்தையே அதிகம் காட்டுகிறது. பாஸ்டனின் இரண்டு மருத்துவமனைகளில் 272 வகை ஆய்வகப் பரிசோதனைகளை அலசி 2018இல் ஓர் ஆய்வு வந்தது. ஒப்பிட முடிந்த பரிசோதனைகளில் 68 விழுக்காட்டில், அது எப்போது எடுக்கப்பட்டது என்ற தகவல், நோயாளி மூன்றாண்டு உயிரோடிருப்பாரா என்பதைப் பரிசோதனையின் முடிவைவிட நன்றாகக் கணித்தது. நள்ளிரவில் ரத்தம் எடுக்கச் சொல்லும் மருத்துவர் ஏற்கெனவே கவலைப்பட்டிருக்கிறார். அந்தக் கவலைதான் தரவில் ஏறுகிறது. மனநலக் குறிப்புகளுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்பது என் எண்ணம். கவலைப்பட்ட மருத்துவர் நீளமாக எழுதுவார். கூட்டம் நெருக்கும் நாளில் இரண்டு வரியோடு முடியும். படுக்கையை விட்டு எழவே முடியாமல் மருத்துவமனைக்கு வருவதை நிறுத்திவிட்டவருக்கு ஒரு வரிகூட இருக்காது. மிகக் கடுமையான நிலையில் இருப்பவர் இந்தக் கணக்கிலிருந்தே காணாமல் போகிறார். எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான்.

இருக்கும் வரிகளும் அன்று எழுதியவையா? சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பல்கலைக்கழக மருத்துவமனையின் 23,630 உள்நோயாளிக் குறிப்புகளை ஆராய்ந்ததில் (மனநலப் பிரிவு அல்ல, பொது மருத்துவம்), புதிதாகத் தட்டச்சு செய்யப்பட்டது 18 விழுக்காடு. 46 விழுக்காடு பழைய குறிப்பிலிருந்து காப்பி செய்யப்பட்டது. போன மாத அழுகை இந்த மாதமும் அழுதுகொண்டிருக்கும்.

‘இயந்திரத்துக்குப் பாரபட்சம் இல்லை’ என்பார்கள். எழுதியவருக்கு இருந்தால்? சிகாகோ ஆய்வொன்றில் (2022), ‘ஒத்துழைக்க மறுக்கிறார்’ போன்ற எதிர்மறைச் சொற்கள் கறுப்பினத்தவரின் குறிப்பில் இடம்பெறும் வாய்ப்பு விகிதம் வெள்ளையரைப் போல 2.54 மடங்கு.

குறிப்புகளைக் கணினி படிப்பதே வீண் என்று நான் சொல்லவில்லை. லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் பதிவுகளில் எந்த அறிகுறி எழுதப்பட்டிருக்கிறது என்று தேடும் ஆய்வுகள் மிகப் பயனுள்ளவை. அறிகுறி எழுதப்பட்டிருக்கிறதா என்பது வேறு, அது எவ்வளவு வதைக்கிறது என்பது வேறு.

நேரமில்லை என்பது கடைசி வாதம். மனச்சோர்வை அளக்கும் பி.எச்.க்யூ-9 என்ற வினாத்தாளில் ஒன்பதே கேள்விகள், மொத்தம் 27 மதிப்பெண். காத்திருக்கும் பெஞ்சிலேயே சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். ஒன்பதாவது கேள்வி சாவைப் பற்றிய எண்ணத்தைக் கேட்கிறது. கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்கும்போது மருத்துவர் இதைக் கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லும் பெண், தாளைத் தனியாகக் கையில் வாங்கியதும் ‘பல நாட்கள்’ என்ற கட்டத்தில் டிக் அடிக்கக்கூடும். மென்பொருள் படிக்கப்போவது அந்த ‘இல்லை’யை.