நடுவரும் நடுவுநிலையும்

நடுவுநிலை, தீர்ப்பளிப்போர் நெஞ்சில் இருந்தால் மட்டும் போதாது. தீர்ப்பைக் கேட்போரும் ஐயமின்றி நம்புமாறு விளங்குதல் வேண்டும். ஜூரி எனப்படும் நடுவர் குழுவுக்கு இக்கடமை இருமடங்காகிறது. நீதிபதி தம் முடிவுக்குக் காரணம் எழுதுகிறார். மேல்முறையீட்டில் அதனை எடைபோடலாம். நடுவர் குழுவோ காரணம் கூறுவதில்லை. ஆகவே, அக்குழு அமைந்த விதமே அதன் தீர்ப்புக்குப் பிணையாகிறது.

1908-இல் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் திலகர் மீது நடந்த அரசநிந்தனை வழக்கில், ஒன்பது நடுவர்களுள் எழுவர் ஐரோப்பியர். மராத்தியில் எழுதப்பட்ட கட்டுரைகளை மொழிபெயர்ப்பின் வழியே அறிந்து, ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் குற்றம் என முடிவுசெய்தனர். ஆறாண்டு நாடுகடத்தல் விதிக்கப்பட்டது. அந்தக் கணக்கை, நடுவர்கள் இருக்கையில் அமர்ந்த அன்றே நாடு எண்ணிவிட்டது.

செட்டிநாட்டார் தலைமுறை தலைமுறையாகக் கடைவைத்து வாழ்ந்த கொழும்பில், நூறாண்டு கழித்தும் அதே வினா எழுந்தது. சிங்கள மக்களிடம் சிங்களத்திலேயே தமிழர் குறைகளை எடுத்துரைத்த நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜ், 2006 நவம்பர் 10 அன்று அந்நகரில் சுட்டுக்கொல்லப்பட்டார். உடனிருந்த காவலரும் மாண்டார். குற்றஞ்சாட்டப்பட்டோர் சிங்களம் பேசும் நடுவர் குழுவைக் கோரினர்; இழப்புற்றோர் தரப்பு மறுப்புரைத்தும் நீதிமன்றம் அக்கோரிக்கையை ஏற்றது. 2016 டிசம்பர் 24, நள்ளிரவு கடந்த வேளையில், கடற்படையினர் உள்ளிட்ட ஐவரும் விடுவிக்கப்பட்டனர். 1996-இல் குமாரபுரத்தில் தமிழ்ப் பொதுமக்கள் கொல்லப்பட்ட வழக்கிலும், அதே 2016-இன் ஜூலையில், அநுராதபுரத்தில் நடுவர் குழு ஆறு படையினரை விடுவித்திருந்தது.

அந்த நடுவர்கள் மனச்சான்றுக்கு மாறாக நடந்தனர் என்று நாம் கூறவில்லை. தனக்குப் புரியும் மொழியில் விசாரிக்கப்படுதல் குற்றஞ்சாட்டப்பட்டவரின் உரிமை என்பதையும் மறுக்கவில்லை. ஆனால், மொழியும் இனமும் பெரும்பாலும் ஒன்றாகவே அமைந்த தீவில், மொழியைச் சொல்லித் திறக்கும் கதவின் வழியே இனமும் உள்ளே வந்துவிடுகிறது. கம்பன் விழாப் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த காரைக்குடிக்கு இது புதிதன்று: இரு அணிகளுக்கும் இடையே உள்ள அந்த ஒற்றை இருக்கையில் அமர்பவரை ஓர் அணியே தேர்ந்துகொண்டால், வழக்காடுதல் வெறும் சடங்காகிவிடும்.

1973-ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இந்தியா நடுவர் குழு முறையைக் கைவிட்டது. இலங்கை அதனைத் தொடர்ந்து பேணுமாயின், இனப்பகை படிந்த வழக்குகளில் இருமொழியும் அறிந்த, பல இனத்தவர் கலந்த குழுவை அமைத்தல் வேண்டும். இயலாதெனில், காரணம் எழுதித் தீர்ப்பளிக்கும் நீதிபதிகள் ஆயத்திடம் ஒப்படைத்தல் வேண்டும். விடுதலையும் ஒரு தீர்ப்பே. இழப்புற்றோர் ஏற்கத்தகாத வழியில் அது வருமாயின், அவர்தம் துயர் ஆறாது; விடுவிக்கப்பட்டவர் மெய்யாகவே குற்றமற்றவராயினும், அவர் மீதுள்ள ஐயமும் அகலாது.