குரங்குக்கு ஓட்டுப் போட்ட ஊர்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையில் ஹார்ட்டில்பூல் என்று ஒரு துறைமுக ஊர் இருக்கிறது. அந்த ஊர்க்காரரிடம் மழையைப் பற்றிப் பேசலாம், கால்பந்து பற்றிப் பேசலாம். "குரங்கைத் தூக்கில் போட்டது யார் சார்?" என்று மட்டும் ஒரு காலத்தில் கேட்டிருந்தால், மூக்கு முழுசாக வீடு வந்து சேர்ந்திருக்காது.

கதை இதுதான். நெப்போலியன் ஐரோப்பாவைப் போட்டுப் புரட்டிக்கொண்டிருந்த சமயம். ஹார்ட்டில்பூல் பக்கம் ஒரு பிரெஞ்சுக் கப்பல் புயலில் சிக்கி உடைகிறது. கரை சேர்ந்தது ஒரே ஒரு ஜீவன். கப்பல்காரர்கள் செல்லமாக வளர்த்த குரங்கு, அதுவும் ராணுவ உடுப்போடு! மீனவர்கள் பிரெஞ்சுக்காரனையும் பார்த்ததில்லை, குரங்கையும் பார்த்ததில்லை. மணலிலேயே கோர்ட் கூடியது. "பேர் என்ன? ஊர் என்ன?" குரங்கு தனக்குத் தெரிந்த பாஷையில் கீச்கீச் என்றது. "பிரெஞ்சுதான் பேசறான், சந்தேகமே இல்லை. ஒற்றன்!" தீர்ப்பு: தூக்கு. அப்பீல் கிடையாது.

நிஜமாக நடந்ததா? ஒரு துண்டுச் சீட்டுகூட ஆதாரம் இல்லை. 1850களில் நெட் கார்வன் என்ற மேடைப் பாடகர் இதைப் பாட்டாகப் பாடினார். பக்கத்து ஊர்க்காரனுக்கு வேறென்ன வேண்டும்? 'மங்கி ஹேங்கர்ஸ்' என்ற பட்டப்பெயர் பசை போட்ட மாதிரி ஒட்டிக்கொண்டது.

பட்டப்பெயரின் மகிமை எனக்குத் தெரியும். பி.காம். முதல் வருஷத்தில், டிபன் பாக்ஸில் என்ன இருக்கிறது என்று கடைசி வரை சொல்லமாட்டேன் என்பதற்காக எனக்கு 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று பெயர் வைத்தார்கள். வருஷம் பதினைந்து ஆச்சு. போன மாசம் ஒரு கல்யாண வீட்டில், என் மனைவி பக்கத்தில் இருக்கும்போது, "டேய் சஸ்பென்ஸ்!" என்று ஒரு குரல். பட்டம் வாங்கினது மறந்துவிடுகிறது. பட்டப்பெயர் மறப்பதில்லை.

ஆனால் ஹார்ட்டில்பூலுக்குக் குரங்கு மட்டும்தானா சரித்திரம்? 1914 செப்டம்பர் 22-ல் எம்டன் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது நமக்குத் தெரியும். 'எம்டன்' என்று ஒரு வார்த்தையே தமிழுக்குக் கிடைத்தது. அடுத்த மூன்றே மாதத்தில், டிசம்பர் 16-ம் தேதி காலையில், வேறு மூன்று ஜெர்மன் போர்க்கப்பல்கள் ஹார்ட்டில்பூல் முன்னால் வந்து நின்றன. சுமார் 40 நிமிஷம், ஆயிரத்துக்கு மேல் குண்டுகள். காலை நேரத்தில் வீட்டிலும் வீதியிலும் இருந்த ஜனங்கள், குழந்தைகள் உள்பட, 100 பேருக்கு மேல் செத்தார்கள். இதைச் சொல்லி யாரும் அந்த ஊரைக் கூப்பிடுவதில்லை. குரங்குதான் ஞாபகம் இருக்கிறது. உலகம் அப்படித்தான்.

அப்புறம் வேறு வகை அடி. தலைமுறை தலைமுறையாகக் கப்பல் கட்டிய ஊர் அது. 1960களின் தொடக்கத்தில் வில்லியம் கிரே கப்பல் கட்டும் தளம் மூடியது. 1970களின் கடைசியில் உருக்கு தயாரிப்பும் நின்றது. வேலை போன ஆளிடம் போய்க் குரங்கு ஜோக் அடித்தால் எப்படி இருக்கும், யோசியுங்கள்.

கை மட்டும் தொழிலை மறக்கவில்லை. 1979 முதல் 1987 வரை 'வாரியர்' என்ற பழைய இரும்புப் போர்க்கப்பலைப் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அடுத்து வந்தது 'டிரிங்கோமலீ'. ஆமாம், நம்ம திருகோணமலைதான்! இங்கிலாந்தில் ஓக் மரம் பஞ்சமாகி, பம்பாயில் வாடியா குடும்பத்தார் தேக்கில் கட்டிக் கொடுத்த கப்பல். 1817-ல் தண்ணீரில் இறங்கியது. நெப்போலியன் 1815-லேயே தோற்றாயிற்று! அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் வருவதற்குள் கம்பெனியை மூடின கதை. அதையும் பத்து வருஷத்துக்கு மேல் உழைத்து, 2001-ல் புதுசு போல ஆக்கினார்கள். மிதக்கும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் அதுதான் மூத்தது. இன்றும் ஹார்ட்டில்பூலில் ஜம்மென்று நிற்கிறது.

இப்போது கிளைமாக்ஸ். ஊர்க் கால்பந்து கிளப் அந்த அவமானத்தையே தன் சின்னமாக்கிக்கொண்டது. 'ஹேங்கஸ்' என்ற குரங்கு வேஷத்தில் ஒரு ஆள் மைதானத்தில் குதிப்பார். உள்ளே இருந்தவர் ஸ்டூவர்ட் டிரம்மண்ட். 2002-ல் மேயர் தேர்தல் வந்தபோது குரங்காகவே பிரசாரத்தில் இறங்கினார். வாக்குறுதி: பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம். பெரிய கட்சிகள் சிரித்தன. எண்ணி முடித்தபோது குரங்கு ஜெயித்திருந்தது!

வேடிக்கைக்குப் போட்ட ஓட்டுதானே, அடுத்த தடவை பார்க்கலாம் என்றார்கள். டிரம்மண்ட் வேஷத்தைக் கழற்றி மாட்டினார், டை கட்டினார், ஃபைலைப் பிரித்தார். 2005-ல் 10,000-க்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். 2009-லும் அவரே. நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட மேயர் மூன்று முறை ஜெயிப்பது பிரிட்டனில் அதுதான் முதல் தடவை. கடைசியில் 2012-ல், மேயர் பதவியே வேண்டாம் என்று ஜனங்கள் ஓட்டுப் போட்டார்கள். 2013-ல் நாற்காலியே போயிற்று. அது வரை அவர் அதில் உட்கார்ந்திருந்தார்.

இன்று அந்த ஊரில் குரங்குக்குச் சிலை இருக்கிறது. அதில் போடுகிற காசு, தீராத நோயாளிகளைப் பராமரிக்கும் இல்லத்துக்குப் போகிறது. மூக்கை உடைக்க வைத்த கேள்வி, இப்போது உண்டியல் நிரப்புகிறது. ஊரார் கட்டிவிடுகிற பெயரை அழிக்க முடியாது சார். எந்தப் பக்கத்தில் எழுதுவது, பற்றிலா வரவிலா என்பது மட்டும் நம் கையில்.