ஆராய்ச்சி அறிக்கையில் முதலிற் பார்க்க வேண்டியது

ஒவ்வொரு போகத்தின் தொடக்கத்திலும் புதிய விதை, புதிய உரம், புதிய நடவு முறை, புதிய தெளிப்புக் கருவி ஆகியவற்றைப் பற்றிய துண்டுப் பிரசுரங்கள் குடியானவர்களின் கைக்கு வந்து சேருகின்றன. கைபேசியின் வழியாகவும் இக்காலத்தில் அவை வருகின்றன. அவற்றுள் பெரும்பாலானவை "ஆராய்ச்சியில் நிரூபிக்கப்பட்டது" என்னும் வாக்கியத்தைத் தாங்கியே வருகின்றன. அவ்வாக்கியத்தை நம்பி முதல் போடுகிறவர் விவசாயி. முறை பலிக்காவிடில் பிரசுரத்தை அச்சிட்டவருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. சாகுபடி செய்தவருக்கு ஒரு போகம் போகிறது. கடன் வாங்கிப் பயிரிட்டவருக்கோ அந்த ஒரு போகத்தின் சுமை இரண்டு மூன்று வருஷங்கள் வரையில் தீராது. ஆகையால் ஆராய்ச்சி அறிக்கைகள் எவ்வெவ்விதமாக அமைக்கப்படுகின்றன, அவற்றுள் எதை எங்கே தேடுவது என்பதை நிலமுடையோரும் கிராம அதிகாரிகளும் அறிந்திருப்பது அவசியமாகிறது.

புதிய முறைகளைப் பற்றி வெளிவரும் எழுத்துக்களை நான்கு வகையாகப் பிரிக்கலாம். முதலாவது விற்பனைப் பிரசுரம். அதில் தலைப்பில் நிற்பது எங்கேனும் ஓரிடத்தில் கிடைத்த மிக உயர்ந்த மகசூல். அடுத்து வருவது உபயோகிக்க வேண்டிய அளவு. கடைசியில் வருவது பொருள் கிடைக்குமிடம். இரண்டாவது, ஆராய்ச்சிப் பத்திரிகையில் வெளியாகும் கட்டுரை. சுருக்கம், முன்னுரை, பொருள்களும் முறைகளும், முடிவுகள், விவாதம் என்ற வரிசையில் அது அமைந்திருக்கும். மூன்றாவது, பலரும் பல இடங்களிற் செய்த பரீட்சைகளை ஒன்றுசேர்த்து எடைபோடும் தொகுப்பாய்வு. எந்தப் பரீட்சைகளைச் சேர்த்துக் கொண்டார்கள், எவற்றை எக்காரணத்தால் தள்ளினார்கள் என்பது அதன் முற்பகுதியில் இருக்கும். நான்காவது, ஒரே நிலத்தையோ ஒரே பயிரையோ பல்லாண்டுகள் கவனித்து எழுதப்படும் நெடுங்கால அறிக்கை.

இந்த நான்கிற்கும் உள்ள வேற்றுமையை ஒரே கேள்வியால் அளந்துவிடலாம். புதிய முறையை எதனோடு ஒப்பிட்டார்கள் என்பதே அக்கேள்வி. புதிய முறை கையாளப்பட்ட பாத்திக்கு அருகில், அம்முறை இல்லாமல் மற்றெல்லாம் ஒரே விதமாகச் செய்யப்பட்ட பாத்தி ஒன்று இருத்தல் வேண்டும். அதற்கு ஒப்பீட்டுப் பாத்தி என்று பெயர். விற்பனைப் பிரசுரத்தில் அது பெரும்பாலும் காணப்படுவதில்லை. ஆராய்ச்சிக் கட்டுரையில் அது "பொருள்களும் முறைகளும்" என்னும் நடுப்பகுதியில், சிற்றெழுத்தில் அடங்கிக் கிடக்கும். சுருக்கத்தைப் படித்து முடிவை மட்டும் எடுத்துக்கொள்ளுகிறவர்கள் அதைக் காணாமலே போய்விடுகிறார்கள்.

ஒப்பீட்டுப் பாத்தியின் அருமையை விவசாய ஆராய்ச்சி தன் ஆரம்ப நாட்களிலேயே உணர்ந்திருந்தது. இங்கிலாந்தில் ரோதம்ஸ்டெட் என்னுமிடத்தில் லாஸ் என்பவரும் கில்பர்ட் என்பவரும் 1843ஆம் ஆண்டில் பிராட்பால்க் என்ற வயலிற் கோதுமைப் பரீட்சையைத் தொடங்கினார்கள். அதில் ஒரு பகுதிக்குத் தொழு எரு இட்டார்கள். சில பகுதிகளுக்கு இரசாயன உரங்களை வெவ்வேறு விதமாக இட்டார்கள். ஒரு பகுதிக்கு எதையும் இடாமல் விட்டார்கள். எதுவும் இடப்படாத அப்பகுதி இன்றளவும் அவ்வாறே விடப்பட்டு வருகிறது. அது இல்லாவிடில் மற்றப் பகுதிகளின் மகசூலுக்கு அர்த்தம் ஏற்படாது. நமது கோயமுத்தூரிலும் 1909ஆம் ஆண்டில் தொடங்கிய நிரந்தர உரப் பரீட்சை இதே ஏற்பாட்டைப் பின்பற்றியதாகும்.

பிற்பாடு 1919இல் ரோதம்ஸ்டெட்டிற் சேர்ந்த ஃபிஷர் என்னும் கணித நிபுணர், ஒரு பாத்தி போதாது, ஒவ்வொரு முறைக்கும் பல பாத்திகள் வேண்டும், எந்தப் பாத்திக்கு எந்த முறை என்பதைச் சீட்டுப் போடுவதுபோல் தீர்மானிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். 1935இல் வெளியான அவருடைய நூல் இவ்விதிகளை உலகெங்கும் பரப்பிற்று. நல்ல மடையை ஒட்டிய பாத்தியைப் புதிய முறைக்கும், மேட்டுப் பாத்தியைப் பழைய முறைக்கும் ஒதுக்கிவிட்டு முடிவு சொல்லும் வழக்கத்தை இது தடுத்தது. பயிர் அறுவடைப் பரிசோதனைக்குச் சர்வே எண்ணைத் தற்செயல் எண்களைக் கொண்டு தேர்ந்தெடுப்பதைக் கிராம அதிகாரிகள் கண்டிருப்பார்கள். அதன் நியாயமும் இதுவேயாகும்.

ஒப்பீட்டுப் பாத்தி எது என்பதால் முடிவு எவ்வளவு மாறும் என்பதற்கு ஒற்றை நாற்று நடவின் சரித்திரம் தக்க உதாரணம். மடகாஸ்கர் தீவில் லோலானியே என்னும் பாதிரியார் 1983இல் கண்டறிந்த இம்முறை, தமிழ்நாட்டில் திருந்திய நெல் சாகுபடி என்றும், செம்மை நெல் சாகுபடி என்றும் வழங்கப்படுகிறது. இளநாற்றைக் குத்துக்கு ஒன்றாக, சதுரமாக, அகல இடைவெளி விட்டு நட்டு, நீரைத் தேக்கி வைக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக விட்டு, களைக் கருவியை ஓட்டுவது அதன் சாரம். கார்னெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உப்ஹாஃப் என்பவர் இதனை உலகறியச் செய்தார். பல தேசங்களிலிருந்து மிகுந்த மகசூல் கிடைத்ததாக அறிக்கைகள் வந்தன.

2006ஆம் ஆண்டில் அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வேறு மூவர் ஒரு தொகுப்பாய்வை வெளியிட்டார்கள். அவர்கள் விவசாயிகளின் வழக்கமான சாகுபடியோடு ஒப்பிட்ட பரீட்சைகளை எடுத்துக்கொள்ளாமல், ஆராய்ச்சி நிலையங்கள் சிபாரிசு செய்த சிறந்த முறைகளோடு ஒப்பிட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். மடகாஸ்கரில் நடந்த பரீட்சைகளில் புதிய முறை இரண்டு மடங்குக்கு மேல் கொடுத்திருந்தது. மற்றத் தேசங்களின் 35 பதிவுகளில் 24இல் அது சிபாரிசு முறையைவிடக் குறைவாகவே கொடுத்திருந்தது. சராசரிக் குறைவு 11 சதவிகிதம். இதற்கு உப்ஹாஃபும் அவருடைய துணைவர்களும் 2008இல் மறுப்பு எழுதினார்கள். தொகுக்கப்பட்ட பரீட்சைகள் பலவற்றில் முறையின் எல்லா அங்கங்களும் கையாளப்படவில்லை என்பது அவர்களுடைய வாதம்.

இவ்விரு சாராருள் எவரையும் பொய்யர் என்று கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் கேட்ட கேள்வி, "விவசாயி இப்போது செய்துவருவதைவிட இது மேலானதா?" என்பது. மற்றவர் கேட்டது, "செய்யக்கூடியவற்றுள் மிகச் சிறந்ததைவிட இது மேலானதா?" என்பது. முதிர்ந்த நாற்றை நெருக்கி நட்டு, களையெடுப்பதைத் தள்ளிப்போட்டு வருகிற வயலில் முதற் கேள்வியின் விடையே உபயோகமாகும். ஏற்கெனவே தக்க வயதுள்ள நாற்றை வரிசையில் நட்டு, மண் பரிசோதனைப்படி உரமிட்டு வருகிறவர் இரண்டாம் கேள்வியின் விடையைத்தான் பார்க்க வேண்டும். விதைச் செலவும் நீரும் குறைவது அவருக்கு வேண்டுமானால் அதையும் தனியே கணக்கிட வேண்டும். பிரசுரத்தின் தலைப்பு இந்த வேற்றுமையைச் சொல்லாது.

அண்மைக் காலத்து உதாரணம் நானோ யூரியா. 2021ஆம் ஆண்டில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின்கீழ் அனுமதி பெற்று, இஃப்கோ கூட்டுறவு நிறுவனத்தால் விற்பனைக்குக் கொண்டுவரப்பட்ட இத்திரவத்தின் 500 மில்லி புட்டி ஒன்று, யூரியா மூட்டை ஒன்றுக்கு ஈடு என்று விளம்பரப்படுத்தப்பட்டது. முதலில் வந்த திரவத்தில் தழைச்சத்து 4 சதவிகிதம். அதாவது புட்டிக்கு 20 கிராம். 45 கிலோ யூரியா மூட்டையில் 46 சதவிகிதம் வீதம் உள்ள தழைச்சத்து 20 கிலோவுக்கு மேற்படும். 1000 கிலோ நெல்மணியில் மாத்திரம் ஏறக்குறைய 10 கிலோ தழைச்சத்து அடங்கியிருக்கிறது. இலைவழியே நுண்துகளாகப் புகுவதால் எடையைக் கொண்டு ஒப்பிடலாகாது என்பது இதனை ஆதரிப்போரின் வாதம். அதைப் பரீட்சைதான் தீர்க்க வேண்டும்.

இங்கே இரண்டு வகை அறிக்கைகள் உள்ளன. சுமார் 11,000 விவசாயிகளின் வயல்களில், 94 பயிர்களில் பரீட்சித்துச் சராசரி 8 சதவிகிதம் மகசூல் உயர்ந்தது என்பது உற்பத்தியாளர் கூற்று. லூதியானாவிலுள்ள பஞ்சாப் விவசாயப் பல்கலைக்கழகத்தார் நெல்லிலும் கோதுமையிலும் இரண்டு ஆண்டுகள் பரீட்சித்து வெளியிட்ட கட்டுரையிலோ, சிபாரிசு செய்த முழுத் தழைச்சத்து பெற்ற பாத்திகளோடு ஒப்பிடும்போது, யூரியாவைப் பாதியாகக் குறைத்து நானோ யூரியா தெளித்த பாத்திகளில் நெல் மகசூல் 13 சதவிகிதமும் கோதுமை மகசூல் 21.6 சதவிகிதமும் குறைந்தன என்று கண்டிருக்கிறது. 11,000 வயல்கள் என்ற எண் பெரிது. ஆயினும் அவ்வெண்ணைப் படித்தவுடன் விவசாயி கேட்க வேண்டியது ஒன்று உண்டு: பாதி யூரியா மட்டும் இட்டு, புட்டியைத் தெளிக்காத மூன்றாவது பாத்தி இருந்ததா? தேவைக்கு மேல் யூரியா இட்டுவந்த வயலிற் பாதியைக் குறைத்தாலும் விளைச்சல் குறையாமல் இருக்கலாம். அங்கே மூன்றாவது பாத்தி இல்லாவிட்டால், குறைத்ததால் வந்த மிச்சத்தின் பெருமை புட்டிக்குப் போய்விடும்.

ஒப்பீட்டுப் பாத்தி சரியாக இருந்தும் காலம் போதாமற் போவதும் உண்டு. 2002இல் அனுமதிக்கப்பட்ட பி.டி. பருத்தியைப் பற்றி 2003இல் "சயின்ஸ்" பத்திரிகையில் வெளியான கட்டுரை, 2001ஆம் ஆண்டின் வயற் பரீட்சைகளில் மகசூல் சுமார் 80 சதவிகிதம் உயர்ந்ததாகக் கூறிற்று. அதே வீரிய ஒட்டு இரகம், பி.டி. குணம் இல்லாமல், பக்கத்திலேயே ஒப்பீட்டுக்காகப் பயிரிடப்பட்டிருந்தது. ஏற்பாட்டில் குறை சொல்ல இடமில்லை. அந்த ஆண்டில் காய்ப்புழுவின் தொல்லை மிகுதி என்பதையும் கட்டுரையே தெரிவித்தது. ஆனால் அது ஒரு போகத்தின் கணக்கு. 2010இல் குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் தலைமுறைப் பி.டி.யின் நஞ்சைத் தாங்கி நிற்பது வெளிப்பட்டது. 2020இல் கிராந்தி, ஸ்டோன் ஆகிய இருவரும் எழுதிய இருபதாண்டுக் கணக்கில், பச்சைக் காய்ப்புழு அடங்கியது நிலைத்த நன்மை என்றும், மகசூல் உயர்வில் இரசாயன உரம் முதலிய வேறு காரணங்களுக்கும் பங்கு உண்டு என்றும், பூச்சிமருந்துச் செலவு முன்னிருந்ததைவிட ஏறிவிட்டது என்றும் கண்டார்கள். இதற்கும் மறுப்புரைகள் எழுந்தன. எனினும், ஒரு போகத்து அறிக்கையைப் பத்து வருஷத்து வாக்குறுதியாகப் படிக்கலாகாது என்பது தெளிவு.

இவற்றிலிருந்து பெறப்படும் அபிப்பிராயம் இதுவே. விவசாயிகளுக்காக வெளியிடப்படும் எந்தப் பிரசுரமும், சர்க்கார் வெளியீடாயினும் வியாபாரிகளின் வெளியீடாயினும், மகசூலைச் சொல்லும் முன் மூன்று செய்திகளைத் தலைப்பிலேயே அச்சிட வேண்டும்: எதனோடு ஒப்பிடப்பட்டது, எந்த மண்ணில், எத்தனை இடங்களில், எத்தனை போகங்கள் செய்யப்பட்டது, செலவை ஏற்றவர் யார். ஆராய்ச்சிக் கட்டுரையின் நடுவில் மறைந்து கிடப்பது விவசாயியின் பிரசுரத்தில் முன்வரிசைக்கு வருதல் வேண்டும்.

இவ்வாறு நிபந்தனைகளை முதலிற் சொன்னால் குடியானவர்கள் தயங்குவார்கள், நல்ல முறைகளும் பரவாமற் போகும் என்று சிலர் ஆட்சேபிப்பது உண்டு. இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட இயலாது. எச்சரிக்கை நிறைந்த காகிதத்தை எவரும் ஆவலோடு படிப்பதில்லை. ஆயினும் ஒருமுறை ஏமாந்த விவசாயி அடுத்த முறை வரும் நல்ல யோசனையையும் நம்புவதில்லை. மண் பரிசோதனை, விதை நேர்த்தி போன்ற செலவு குறைந்த சிபாரிசுகளுக்குக்கூடச் சில ஊர்களில் ஆதரவு கிடைக்காததற்கு, முன்பு நம்பிக் கெட்ட அனுபவமும் ஒரு காரணமாகும். சிறிது தயக்கத்தால் வரும் தாமதத்தைவிட நம்பிக்கை கெடுவதால் வரும் தாமதம் நீண்டது.

பிரசுரங்கள் திருந்தும் வரையில் கிராமத்திலேயே செய்யக்கூடியவை சில உண்டு. கிராம சபையிலோ விவசாயிகள் கூட்டத்திலோ ஒரு புதிய பொருளைப் பற்றிப் பேசப்படும்போது, ஊராட்சித் தலைவரும் கிராம நிர்வாக அலுவலரும் மேற்கண்ட மூன்று கேள்விகளையும் கேட்டு, விடைகளைக் குறித்து வைக்கலாம். விடை கிடைக்காத பொருளை வாங்கத்தான் வேண்டுமென்று விரும்புகிறவர், முழு நிலத்திலும் பிரயோகிக்காமல் 10 செண்டில் மட்டும் செய்து பார்ப்பது நலம். அதன் பக்கத்தில், அதே நாளில் நட்டு, அதே நீரும் களையெடுப்பும் பெற்ற மற்றொரு 10 செண்டை அப்பொருள் இல்லாமல் விட வேண்டும். எதற்கு எந்தத் துண்டு என்பதை நாணயம் சுண்டித் தீர்மானிக்கலாம். அறுவடையின்போது இரண்டையும் தனித்தனியே அடித்து, காயவைத்து எடைபோட்டு, செலவையும் சேர்த்து எழுதி வைக்க வேண்டும். ஓர் ஊரில் ஐந்தாறு பேர் இவ்வாறு செய்து, இரண்டு போகக் கணக்கை ஒருங்கே வைத்துப் பார்ப்பார்களானால், அந்த ஊர் மண்ணுக்கு அம்முறை ஏற்றதா என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். அக்கணக்கை வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திற் காட்டினால், அடுத்த பிரசுரத்தை எழுதுகிறவர்களுக்கும் அது உதவியாக இருக்கும்.