சின்னப் பையன்களை வைத்துக்கொண்டு

பனமரத்துப்பட்டிப் பக்கம் பொங்கல் கபடி பார்த்தவர்களுக்குத் தெரியும்: பெரிய ஆட்டக்காரன் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் ஓரத்தில் நிற்கும் பையனுக்கு வழி பிறக்கும். புரோ கபடி லீக்கில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணிக்கும் 2022இல் அதுதான் நடந்தது. 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன் செராவத், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். ‘இந்த வருசமும் அவ்வளவுதான்’ என்று நானும் டிவியை அணைத்தேன். மிஞ்சியது பெரும்பாலும் பொடியன்கள். அதில் அறிமுக வீரர் நரேந்தர் மட்டும் அந்தப் பருவத்தில் 243 ரைடு புள்ளிகள் எடுத்தார். பயப்படத் தெரியாத வயசு. எதிராளி தொடையைப் பிடித்த பிறகும் கோட்டுக்குக் கையை நீட்டுவார். நடுவில் பயிற்சியாளராக வந்த அசன்குமார், பையன்களைத் திட்டியும் தட்டிக்கொடுத்தும் ஓட்டினார். மூன்று பருவம் கடைசி இடத்தில் கிடந்த அணி, முதல்முறையாக அரையிறுதிக்குப் போய், புனேயிடம் இரண்டே புள்ளியில் தோற்றது.

அடுத்த பருவம் ஒன்பதாம் இடம். உடனே பொறுமை போய்விட்டது. 2024 ஏலத்தில் ரைடர் சச்சினுக்கு 2.15 கோடி. அப்போதும் ஒன்பதுதான்! காசைக் கொட்டியும் அதே இடம் என்றால், இளசுகளுக்கே இன்னும் இரண்டு வருசம் கொடுத்திருக்கலாம். இன்னொரு குறையும் உண்டு. அந்தப் பொடியன்களில் முக்கியமானவர்கள் ஹரியானா, மகாராஷ்டிரத்துக்காரர்கள். சேலம், நாமக்கல் கிராமங்களில் மண்ணில் புரளும் பையன்களை ஏலத்துக்கு முன்னால் யாராவது வந்து பார்க்கட்டும்.