விண்மீன் ஒளியும் வாத்திய ஒலியும்

விண்மீன்கள் கண்ணுக்குப் புலனாவனவேயன்றிச் செவிக்குப் புலனாவன அல்ல. அவற்றின் ஒலியை நம்பாற் கொணர்தற்கு இடையே காற்றில்லை. ஆயினும், அவற்றின் ஒளி ஏறியிறங்குவதைக் கணக்கிட்டு, அக்கணக்கின்படி பிடில், பியானோ முதலிய வாத்தியங்களை ஒலிப்பித்து, மேனாட்டுச் சாஸ்திரீய சங்கீதம் இயற்றுவோர் இக்காலத்து உளர். இதனை வெறும் வேடிக்கையென்று இகழ்வாரும், விண்மீன்களே பாடுகின்றன என்று வியப்பாரும் உண்டு. இவ்விரு திறத்தாரோடும் நாம் உடன்படுகின்றிலேம்.

முறையைச் சிறிது விளக்குவாம். சூரியனுடைய மேற்பரப்பு ஏறக்குறைய 5 நிமிஷத்திற்கு ஒருமுறை அசைகின்றதென்பது 1962-ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற உண்மை. அவ்வசைவு செவிக்கெட்டாத மந்தமுடையது. அதனை 17 ஸ்தாயி உயர்த்தினால், அஃதாவது 17 முறை இரட்டித்தால், வினாடிக்குச் சுமார் 437 அதிர்வாகும். மேனாட்டார் வாத்தியங்களுக்குச் சுருதி கூட்டும் 440 அதிர்வுக்கு அது மிக அணித்து.

இனி, செபீட் என்னும் வகை விண்மீன்கள் விரிந்து சுருங்குதலால் ஒளி மாறுவன. அவற்றுட் சில ஒரே காலத்தில் இருவகையாக அதிர்வன. இரண்டாம் அதிர்வு முதலதனினும் ஏறக்குறைய 1.4 மடங்கு விரைவுடையது. ஷட்ஜத்தோடு பிரதிமத்தியமம் சேர்ந்தொலித்தாற்போல்வது இது, செவிக்கு இனிதன்று. இசையாசிரியர் அதனைப் பஞ்சமமாக மாற்றிவிடின் கேட்போர் மகிழ்வர். விண்மீன் உரைத்ததோ மறைந்துபோம். வாத்தியமும் ஸ்தாயியும் மனிதன் தெரிந்தெடுப்பன; காலக்கணக்கும் ஸ்வரங்களின் விகிதமுமே விண்மீன் தருவன. எது எவருடையதென்று அவையோர்க்கு உரைத்தல் இசையாசிரியர் கடன்.

இனிமையைப் பெறுதற்கு இத்துணை கண்டிப்பு வேண்டுமோ எனின், வேண்டும் என்போம். போர்ட்டோ ரிக்கோவிற் பிறந்த வாண்டா டியஸ்-மெர்செட் என்னும் அம்மையார், நோயினாற் பார்வையிழந்த பின்னரும் வான சாஸ்திரத்தைக் கைவிடாது, அளவைகளை ஒலியாக்கிச் செவியால் ஆராய்ந்து வருகின்றனர். இவர்போல்வார்க்கு ஒலியே சான்று. இனிமைக்காக அதனைத் திரித்தல், கண்ணுடையார் முன் படத்தை அழித்தெழுதுவதனோடு ஒக்கும்.

இதற்கு எதிர்மறையான சரித்திரம் ஒன்றும் உண்டு. சிபியஸ் மண்டலத்து டெல்டா என்னும் விண்மீனின் ஒளி 5 நாளும் ஏறக்குறைய 9 மணியும் கொண்ட காலவட்டத்தில் மாறுகின்றது. செபீட் வகைக்குப் பெயரளித்த இவ்விண்மீனின் மாற்றத்தை 1784-இல் இங்கிலாந்தின் யார்க் நகரிற் கண்டவர் ஜான் குட்ரிக் என்னும் இளைஞர். அவர் செவிப்புலன் இல்லாதவர். இரண்டாண்டில், தமது 21-ஆம் வயதில் மாண்டார். செவியில்லார் கண்ணாற் கண்டதனைக் கண்ணில்லார் செவியாற் கேட்டல் இன்று கூடும். புலன் வேறாயினும் கணக்கு ஒன்றே.

ஆதலின், பார்வையற்ற மாணவரொருவர் நம் விஞ்ஞான வகுப்பின் வாயிலில் வந்து நிற்பின், இங்குக் காண்பனவே உள, கேட்பன இல்லையென்று கூறி அவரைத் திருப்பிவிடற்க. அவருக்கு நாம் அளிக்கும் ஒலி இனிதாயின் நன்று; மெய்யாதல் இன்றியமையாதது என்பது எமது துணிபு.