காலமா? கட்டமா?

சித்தியவானில் சென்ற மாதம் நாம் கண்ட ஒரு காட்சியே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. பழைய ரப்பர்த் தோட்டமொன்றிலிருந்து பட்டணத்துக்குக் குடிபெயர்ந்து வந்த மூதாட்டி ஒருவர், சர்க்கார் விண்ணப்பத் தாளொன்றை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார். அவருக்கு உதவி செய்ய முன்வந்த படித்த வாலிபர் தாளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “பாட்டி, இந்தக் காலத்துல ஒண்ணும் எழுதலையே?” என்றார். மூதாட்டி சற்றும் தயங்காமல், “நம்மளப் பத்தி எந்தக் காலத்துல தம்பி எழுதினாங்க?” என்று திருப்பிக் கேட்டார். சுற்றியிருந்தோர் சிரித்தனர், நாமும் சிரித்தோம். வீடு திரும்பிய பின்னரே அச்சிரிப்பு நமக்கு வெட்கத்தைத் தந்தது.

வாலிபர் சொன்னது ஆங்கிலச் சொல். தாளிலே கோடிட்டு விடப்பட்டிருந்த வெற்றிடத்தை அவர் ‘காலம்’ என்றார். மூதாட்டி கேட்டதோ தமிழ்ச் சொல். இருவரும் தமிழர், அமர்ந்திருந்தது ஒரே மேசை, பேசியது ஒரே பாஷை என்று இருவரும் நம்பினர். ஆயினும் ஒருவர் சொன்னது மற்றவருக்கு எட்டவில்லை. இந்தக் குற்றம் அவ்வாலிபருடையது மாத்திரமன்று. ‘மூன்றாம் காலம் பார்க்க’ என்று எழுதும் கணக்கர்களும், ‘இரண்டு காலம் விளம்பரம்’ என்று விலை பேசும் பத்திரிகைக்காரர்களுமாகிய நம் எல்லோருடைய குற்றமும் ஆகும்.

அந்த ஆங்கிலச் சொல்லின் வரலாறு சிறிது ரசமானது. லத்தீன் பாஷையில் அதற்குக் கல் தூண் என்பதே பொருள். தாளிலே மேலிருந்து கீழாக எழுத்துகள் தூண்போல் நிற்பதைக் கண்டு அதற்கும் அப்பெயரையே இட்டனர். பின்னர் நீண்ட வரிசையில் நடந்துசெல்லும் படைக்கும் அப்பெயர் சென்றது. அப்படையை நடத்தியவனுக்கு இத்தாலிய பாஷையில் வழங்கிய பெயரிலிருந்தே இன்றைய ‘கர்னல்’ பட்டமும் பிறந்தது. முதுகெலும்பும் அதுவே, வெப்பமானியில் ஏறி இறங்கும் பாதரசமும் அதுவே, பத்திரிகையில் ஒருவர் வாரந்தோறும் எழுதும் பகுதியும் அதுவே. ஈற்றில் ஓர் எழுத்தை எழுதிவிட்டு அதை உச்சரிக்காமல் விடுவது வேறு! ஒரே வேலையாளைக் கொண்டு ஏழு வேலை வாங்குவது ஆங்கிலேயனுக்குப் பழகிய காரியம். அவனுடைய பாஷையில் அது அவனுக்குச் சௌகரியமாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நமக்கு அந்த நிர்ப்பந்தம் எங்கிருந்து வந்தது?

கல்லில் நிற்பது நமக்குத் தூண். கால் என்றும் சொல்வோம். மதுரைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் 985 தூண்களே உள்ளன என்று எண்ணிப் பார்த்தவர்கள் சொல்கின்றனர். பெயரிலே ‘கால்’ நிற்பதில் எவருக்கும் ஐயமில்லை. கலியாண வீட்டில் நடுவதும் பந்தற்காலே. படைக்கு அணி உண்டு; கணிதத்தில் குறுக்கே செல்வது நிரை, நெடுக்கே இறங்குவது நிரல் என்று தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பாடசாலையிலேயே படிக்கின்றனர். பால்மரக் காட்டில் ஓராளுக்கு ஒதுக்கிய மரவரிசையை நம் தோட்டத்து ஜனங்கள் ‘நெரை’ என்று சொன்னது எந்தப் பண்டிதரைக் கேட்டு? பக்கத்து வீட்டு மலாய்க்காரரைப் பாருங்கள். தூணுக்குத் ‘தியாங்’ என்கிறார். அட்டவணையின் நெடுவரிசைக்கு ‘லாஜூர்’ என்கிறார். பத்திரிகைப் பகுதிக்கு ‘ருவாங்கான்’ என்கிறார். பொருளுக்கொரு சொல் வைத்துக்கொண்டதால் அவருக்கு என்ன குறைந்துவிட்டது?

இனி, மற்றொரு கட்சியாரைப் பற்றியும் சொல்லவேண்டும். ஆங்கிலச் சொல்லை அப்படியே எழுதுவது பாவம் என்று கூறி, ‘பத்தி’ என்னும் ஒரே சொல்லை எல்லா இடத்திலும் ஒட்டவைக்கும் அன்பர்கள் அவர்கள். பத்தி என்றால் பத்திரிகையின் நெடுவரிசை. பத்தி என்றால் கட்டுரையின் ஒரு பிரிவு. பத்தி என்றால் பக்தி. பத்தி என்றால் பூஜையறையில் புகைவது. ‘பத்தி எழுத்தாளர்’ என்று கேட்டவுடன் ஒருவர் கைகூப்பினால் அவரைக் குறைகூற முடியுமா? ஆங்கிலத்தின் வறுமையைத் தமிழ் உடுப்பில் கொண்டுவருவதே இவர்கள் செய்யும் தொண்டு. முன்னவர் சொல்லை விழுங்குகின்றனர். பின்னவர் சொல்லை மாற்றிவிட்டுக் குழப்பத்தை விழுங்குகின்றனர்.

பொருளைப் பிடித்துப் பெயர்த்தால் எவ்வளவு நன்றாக அமையும் என்பதற்கும் சாட்சி உண்டு. பத்திரிகைத் தொழிலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், நம் நாட்டு வழக்கில் ‘நான்காவது தோட்டம்’ என்றுதான் வரும். மூன்று தோட்டங்களில் உழைத்துத் தேய்ந்தவனிடம் நான்காவது தோட்டமும் இருக்கிறதென்று சொன்னால் அவன் அழுதே விடுவான். தமிழர் அதை ‘நான்காவது தூண்’ என்றனர். ஆங்கிலத்தில் தூணே இல்லாத இடத்தில் தமிழில் தூண் நிற்கின்றது, வீடும் விழவில்லை.

‘ஐந்தாம் படை’யும் அத்தகையதே. 1936-இல் ஸ்பெயின் தேசத்து உள்நாட்டுப் போரில், நான்கு படைகள் மாட்ரிட் நகரை நோக்கிச் செல்ல, ஐந்தாவது படை நகரத்துக்குள்ளேயே இருக்கின்றதென்று ஜெனரல் மோலா கூறியதாக வழங்கிய பேச்சிலிருந்து பிறந்தது அது. ஐந்தாம் தூண் என்றோ ஐந்தாம் பத்தி என்றோ எழுதாமல் ஐந்தாம் படை என்று எழுதிய தமிழர் யாராயினும் அவருக்கு நமது வந்தனம். ஆனால் அச்சொல் இந்நாட்டில் செய்த வேலையை மறக்க முடியாது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கியபின், பின்வாங்கிய பிரிட்டிஷ் படைகள் தங்கள் தோல்விக்குக் காரணம் தேடியபோது, வயலில் நின்றவனும் விளக்கேந்திச் சென்றவனும் ஐந்தாம் படையாகத் தென்பட்டனர். விசாரணையின்றிச் சுடப்பட்டோரும் உண்டு. அதே சமயத்தில், 1942 ஜனவரித் தொடக்கத்தில், சித்தியவானை அடுத்துள்ள லூமுட்டிலிருந்து ஜப்பானியப் படைப்பிரிவொன்று படகேறி, இன்று தெலுக் இந்தான் எனப்படும் தெலுக் ஆன்சன் பக்கம் இறங்கியது. கம்பாரில் எதிர்த்து நின்ற சேனை பின்வாங்க நேர்ந்தது. மெய்யான படை கடல் வழியே வந்துகொண்டிருக்கையில், சொல்லிலே பிறந்த படையைத் தேடி ஏழைகளின் குடிசைக்குள் நுழைந்தனர்.

சொல்லாராய்ச்சியில் இவ்வளவு கோபம் எதற்கு என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்குச் செக்ரோல் புத்தகத்தைக் காட்ட விரும்புகின்றோம். விடியுமுன் பெரட்டில் நின்ற நம் பாட்டன் பாட்டிமாரின் வாழ்வு முழுவதும் அப்புத்தகத்தின் கோடுகளுக்கு இடையில்தான் நடந்தது. பெயர் ஒரு நிரல். வேலைக்கு வந்த நாள் ஒரு நிரல். பிடித்தம் ஒரு நிரல். 1920-களின் இறுதியில் போக்குவரவு எளிதான ஜில்லாக்களில் ஆண்கூலி 50 காசு, பெண்கூலி 40 காசு என்று திட்டம் செய்யப்பட்டது. அந்தப் பத்துக் காசு வித்தியாசம் எழுதப்பட்டதும் அங்கேதான். கிராணி எழுதினார், துரை கையெழுத்திட்டார், எழுதப்பட்டவருக்கு வாசிக்கத் தெரியாது. எந்த நிரலில் என்ன இருக்கிறதென்று கேட்பதற்கு அவர் வாயில் ஒரு சொல்லும் இல்லை.

1948-இல் அவசரகாலச் சட்டத்தோடு அடையாள அட்டை வந்தது. பின்னர் நீல அட்டை பிரஜைக்கும், சிவப்பு அட்டை நிரந்தரவாசிக்கும் என்றாயிற்று. 1969-இல் பிரஜையல்லாதார்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, பல்லாயிரம் தோட்டத் தமிழர்கள் கப்பலேற நேர்ந்தது. அவர்களிற் பலருக்கு ஒரு தாளின் ஒரு கட்டம் உரிய காலத்தில் நிரப்பப்படாததைத் தவிர வேறு குறை என்ன?

மூதாட்டியின் கையில் இருப்பதும் சிவப்பு அட்டையே. “நாடு சுதந்திரம் வாங்கி அடுத்த தீவாளிக்கு முன்ன பொறந்தேன்” என்கிறார். அப்படியானால் 1957. இந்நாட்டின் அரசியல் சட்டப்படி, 1957 ஆகஸ்டு 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இம்மண்ணில் பிறந்தவர்கள், வெளிநாட்டுத் தூதர் வீட்டுப் பிள்ளைகள் போன்ற சிலர் நீங்கலாக, சட்டத்தின் செயலாலேயே பிரஜைகள். பெற்றோர் யாரென்ற கேள்விகூட இல்லை. ஆகவே பிறந்த தேதி, பிறந்த இடம் என்னும் இரண்டு கட்டங்களில்தான் அவருடைய உரிமை முழுவதும் அடங்கிக் கிடக்கின்றது. வாலிபர் “இந்தக் காலத்துல” என்று விரல் வைத்ததும் அவ்விடத்திலேயே. “பாட்டி, நீங்கள் பிறந்த ஊரைக் கேட்கிறார்கள்” என்று அவர் சொல்லியிருந்தால், அந்த அம்மையார் வேடிக்கை பேசியிருக்கமாட்டார், விடை சொல்லியிருப்பார்.

தாள் மலாய் மொழியில் இருக்க, தமிழ்ச் சொல்லைப் பற்றி வாதிடுவானேன் என்று அவ்வாலிபரே பின்னர் நம்மிடம் கேட்டார். தாள் மலாயில் இருக்கட்டும். தேசிய மொழியை நம் பிள்ளைகள் நன்றாகவே கற்கவேண்டும் என்பதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயமில்லை. ஆனால் அத்தாளுக்கும் பாட்டிக்கும் நடுவில் நின்றது அவருடைய தமிழல்லவா? அந்தத் தமிழ் பொருளற்றதாக இருந்தால் தாள் எந்த மொழியில் இருந்து என்ன? நெடுவரிசை என்றால் நிரல் என்று சொல்லலாம். எழுத விட்ட இடம் என்றால் கட்டம் என்று சொல்லலாம். இரண்டும் வேண்டாமென்றால் ‘இந்த இடம்’ என்று விரலால் காட்டிச் சொல்லட்டும். அதுவும் நல்ல தமிழே.

மறுவாரம் அத்தாளை நாமே அவரோடு அமர்ந்து கட்டம் கட்டமாக வாசித்தோம். தோட்டத்தின் பெயர், லயத்தில் எத்தனையாவது வீடு, பிரசவம் பார்த்த கிழவியின் பெயர் ஆகிய எல்லாம் அவருக்கு நினைவிருந்தன. அத்தோட்டம் இன்று செம்பனைக் காடு. நிலம் கைமாறியபோது செக்ரோல் புத்தகங்கள் எங்கே போயின என்பதை அங்குள்ள எவரும் அறியார். அடுத்த வீட்டில் குடியிருந்தவரும், இவரைவிடப் பத்து வயது மூத்தவருமான ஓர் அம்மையார் ஆயர் தாவாரில் இருக்கிறாராம். பிறந்ததைக் கண்ணால் கண்டதாகச் சத்தியப் பிரமாணம் செய்துதரச் சம்மதித்திருக்கிறார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கச் செல்கின்றோம். வாலிபரும் உடன் வருகின்றார்.